உள்ளூருக்குப் போகிற ஃபேக்ஸ் வெளியூருக்கு மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி சுருக்கமாக இது: அலுவலக ஃபேக்ஸ் இயந்திரத்திலிருந்து உள்ளூர் எண்களுக்கு அனுப்பினால் எந்தச் சிக்கலும் இல்லை. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பினால் மட்டும் ஒரு நாள் ‘பதில் இல்லை’ என்கிறது, இன்னொரு நாள் ‘தொடர்புப் பிழை’ என்கிறது. அதே லைனில் போனில் பேசினால் வெளியூர்க் குரல் தெளிவாகக் கேட்கிறது. வெளியூரிலிருந்து நமக்கு வரும் ஃபேக்ஸும் ஒழுங்காக வந்துவிடுகிறது. இயந்திரம் போய்விட்டதா, புதிது வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உள்ளூருக்கு ஒரு பக்கம் முழுதாகப் போய்ச் சேருகிறது என்றால் ஸ்கேனர் படிக்கிறது, பக்கத்தை ஒலியாக மாற்றும் மோடம் பேசுகிறது, லைனைப் பிடிக்கும் சர்க்யூட் வேலை செய்கிறது. தான் கூப்பிடுவது பக்கத்துத் தெருவா, கடல் கடந்த ஊரா என்பது இயந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. அதற்கு எல்லாமே வெறும் எண்தான். வெளியூர் என்றால் மாறுகிறவை மூன்று: டயல் செய்யும் இலக்கங்கள் கூடுகின்றன, எதிர்முனை எடுக்கும்வரை ஆகும் நேரம் கூடுகிறது, ஒலி போகும் பாதை மாறுகிறது. ‘பதில் இல்லை’ பெரும்பாலும் முதல் இரண்டிலிருந்து வரும். ‘தொடர்புப் பிழை’ மூன்றாவதிலிருந்து. உங்களுக்கு இரண்டும் வருகின்றன. அதனால் ஒரே கோளாறுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ‘மானிட்டர்’ அல்லது ‘ஹூக்’ பட்டனை அழுத்தி, ஒரு வெளியூர் ஃபேக்ஸ் போவதைக் காதால் கேளுங்கள். எரிச்சலாக இருக்கிறது என்று பல அலுவலகங்களில் முதல் நாளே இந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். அணைத்தது சத்தத்தை மட்டுமல்ல, கோளாறைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே சுலபமான வழியையும்தான்.

என்ன கேட்க வேண்டும்? முதலில் டயல் டோன். அப்புறம் இலக்கங்கள். ஒரு மௌனம். பிறகு மணி அடிக்கும் ஓசை. இதற்கிடையில் நம் இயந்திரம் 3 விநாடிக்கு ஒருமுறை அரை விநாடி ‘பீப்’ கொடுக்கும். அது 1100 ஹெர்ட்ஸ். ‘இங்கே ஃபேக்ஸ்’ என்று சொல்வது. எதிர்முனை எடுத்ததும் ஏறக்குறைய 3 விநாடி நீளும் ஒரு விசில், 2100 ஹெர்ட்ஸ். அதன்பின் சற்றுத் தடித்த குரலில் ஒரு கொப்பளிப்பு. அது எதிர்முனை தன் திறமைகளைப் பட்டியலிடும் நொடிக்கு 300 பிட் வேகப் பேச்சு. நம் இயந்திரம் அதே பாணியில் பதில் சொல்லும். தொடர்ந்து ஒன்றரை விநாடி ஒத்திகை இரைச்சல், எதிர்முனையின் ‘சரி’, கடைசியாகப் பக்கம் போகும் நீண்ட ‘ஸ்ஸ்ஸ்’. இந்த வரிசையில் எங்கே அறுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளூர் எண்ணுக்கு ஒருமுறை அனுப்பிக் கேட்டுவிட்டு வெளியூருக்கு அனுப்பிக் கேட்டால் வித்தியாசம் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

மணியே அடிக்கவில்லை என்றால், அல்லது ஒரு பெண் குரல் ஏதோ அறிவிப்புச் சொல்கிறது என்றால், அது ஃபேக்ஸ் பிரச்சினையே இல்லை, டயல் பிரச்சினை. அந்த அறிவிப்பை ஃபேக்ஸ் இயந்திரம் கேட்டுப் புரிந்துகொள்ளாது. தன் நேரம் முடியும்வரை காத்திருந்து ‘பதில் இல்லை’ என்று அச்சடித்துவிடும். ‘இந்த வசதி உங்கள் இணைப்பில் இல்லை’ என்று தொலைபேசி நிறுவனம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை யாருமே கேட்காத அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

‘போனில் பேச முடிகிறதே’ என்பீர்கள். அது அரைச் சான்றுதான். மனிதர் டயல் செய்யும்போது வெளி லைனுக்கான எண்ணை அழுத்தி, இரண்டாவது டயல் டோன் வரும்வரை தன்னையறியாமல் காத்திருப்பார். இயந்திரம் காத்திருக்காது. அலுவலக எக்ஸ்சேஞ்ச் (உள்ளே இருக்கும் போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் பெட்டி) வெளி லைனைப் பிடிப்பதற்குள் அடுத்த இரண்டு மூன்று இலக்கங்களைக் கொட்டித் தீர்த்துவிடும். உள்ளூர் அழைப்பில் வெளி லைன் சட்டென்று கிடைத்துவிடுவதால் தப்பித்துக்கொள்ளலாம். வெளியூருக்கு எக்ஸ்சேஞ்ச் வேறு லைனைத் தேடினால் தாமதம் கூடி, எண்ணின் தலை வெட்டுப்படும். மருந்து எளிது. வெளி லைன் எண்ணுக்குப் பின்னால் ‘பாஸ்’ பட்டனை ஒருமுறை அழுத்தி ஓர் இடைவெளி சேர்த்துச் சேமியுங்கள். பல இயந்திரங்களில் ஓர் இடைவெளி 2 அல்லது 3 விநாடி. போதவில்லை என்றால் இன்னொன்று.

வெளிநாட்டு எண்களில் வேறொரு கண்ணி. கடிதத்தாளில் + போட்டு, நாட்டுக் குறியீடு போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு 0 போட்டு அச்சடித்திருப்பார்கள். ஃபேக்ஸில் + பட்டன் இருந்தாலும் சாதாரணத் தொலைபேசி லைனில் அதற்கு அர்த்தமில்லை. உங்கள் நாட்டின் சர்வதேச முன்னொட்டை அதன் இடத்தில் போட வேண்டும்: பல நாடுகளில் 00, வட அமெரிக்காவில் 011, ஜப்பானில் 010. அடைப்புக்குறிக்குள் உள்ள 0 அந்த நாட்டுக்குள்ளிருந்து அழைப்பவர்களுக்கானது. வெளியிலிருந்து அழைத்தால் அதை விட்டுவிட வேண்டும். இத்தாலி இதற்கு விலக்கு. அங்கே தரைவழி எண்ணின் முதல் 0 எண்ணின் பகுதியே, அதை விடக்கூடாது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஒரு சர்வதேச எண் 15 இலக்கத்தைத் தாண்டாது. தாண்டினால் எங்கோ ஏதோ கூடுதலாக ஒட்டியிருக்கிறது.

ஸ்பீட் டயலில் சேமித்த எண்களை ஒருமுறை அச்செடுத்துப் பாருங்கள். எத்தனையோ வருடங்களுக்கு முன் யாரோ போட்டது, பகுதிக் குறியீடு மாறியிருக்கும், யாருக்கும் நினைவிருக்காது.

வெளியூர் அழைப்புக்கு ரகசிய எண் கேட்கும் அமைப்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எண்ணை டயல் செய்து முடித்ததும் எக்ஸ்சேஞ்ச் ஒரு ‘பீப்’ அடித்து ரகசிய எண்ணுக்காகக் காத்திருக்கும். ஃபேக்ஸும் விசிலுக்காகக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ரகசிய எண்ணை இடைவெளி விட்டுச் சேமிக்கலாம். ஃபேக்ஸ் மாட்டியுள்ள எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்வது இன்னும் நல்லது. இயந்திரம் பழைய பல்ஸ் டயலில் (இலக்கங்களை ஒலியாக அல்லாமல் மின்துடிப்பாக அனுப்பும் முறை) இருந்தால் எண் போகும், ரகசிய எண் போகாது; அந்த இரண்டாம் கட்டத்துக்கு டோன் வேண்டும். முடிந்தால் டோனுக்கே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ரகசிய எண்ணுக்கு முன் * சேர்த்தால் பல இயந்திரங்கள் அந்த இடத்திலிருந்து டோனுக்கு மாறும்.

சரி, மணி அடிக்கிறது, எதிர்முனையும் எடுக்கிறது, ஆனால் அதற்குள் நம் இயந்திரம் வைத்துவிடுகிறது. இது நேரப் பிரச்சினை. டி.30 என்ற தரநிலைப்படி ஒரு ஃபேக்ஸ் இயந்திரம் எதிர்முனையை அடையாளம் காணச் சுமார் 35 விநாடிதான் முயலும், 5 விநாடி முன்பின். உள்ளூரில் இது தாராளம். வெளிநாட்டு அழைப்பில் மணி அடிக்கத் தொடங்குவதற்கே 10, 15 விநாடி போய்விடலாம்; எதிர்முனை நான்கைந்து மணிக்குப் பிறகு எடுக்கும்படி அமைந்திருந்தால் மீதியும் போய்விடும். விசில் வரும் நேரத்தில் இங்கே கதவு சாத்தியாகிவிட்டது. இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: எண்ணின் முடிவிலும் ஓர் இடைவெளி சேர்த்துவிடுவது. டயல் இன்னும் முடியவில்லை என்று இயந்திரம் நினைத்துக்கொண்டிருக்கும். காத்திருப்புக் கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்கும். சில மாடல்களில் எண்ணின் கடைசியில் வைக்கும் இடைவெளி 10 விநாடி வரை நீளும். எதிர்முனைக்காரரிடம் ‘முதல் மணியிலேயே எடுக்கும்படி வையுங்கள்’ என்று சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது. அங்கே இரவாக இருந்து இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போயிருப்பார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்.

இப்போது கடினமான பகுதி. எதிர்முனை எடுத்தது, விசில் கேட்டது, கொப்பளிப்பும் கேட்டது, இருவரும் இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பேசிவிட்டு அறுந்துவிட்டது. ‘தொடர்புப் பிழை’ பிறக்கும் இடம் இதுதான்.

பழைய காரணம் எதிரொலி. நீண்ட தூர அழைப்பில் நாம் அனுப்பிய ஒலியில் ஒரு பங்கு மறுமுனையில் முட்டித் திரும்பி வரும். உள்ளூரிலும் வரும், ஆனால் உடனே வந்துவிடுவதால் உறைக்காது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால் போய்த் திரும்ப அரை விநாடி ஆகும். இயந்திரம் தன் குரலையே அடுத்தவர் குரல் என்று எடுத்துக்கொண்டு குழம்பும். மனிதர் பேச்சுக்காக வழியில் வைத்திருக்கும் எதிரொலி அடக்கிகள் இன்னொரு தொல்லை: ஒரு பக்கம் பேசும்போது மறு பக்கத்தை அமுக்கும், திறக்கும்போது முதல் துணுக்கை விழுங்கும். ‘ஹலோ’வில் ‘ஹ’ போனால் மனிதர் சமாளிப்பார். இயந்திரத்துக்கு அந்த முதல் துணுக்குதான் தாளம். 2100 ஹெர்ட்ஸ் விசிலின் ஒரு வேலையே இந்த அடக்கிகளை விலகச் சொல்வது. எல்லா வழியிலும் அது பலிப்பதில்லை.

அதற்காகத்தான் பல இயந்திரங்களின் மெனுவில் ‘ஓவர்சீஸ் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து வெளிநாட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், வெளியூருக்கும் போடலாம். மாடலுக்கு மாடல் வேறுபடும். பொதுவாக எதிர்முனையின் முதல் அறிமுகத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு இரண்டாவதுக்குப் பதில் சொல்லும், தொடக்க வேகத்தைக் குறைக்கும், பக்கம் அனுப்புமுன் எதிரொலி அடக்கிகள் முன்கூட்டியே திறந்துகொள்ள ஒரு முன்தொனி சேர்க்கும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பிரதர் இயந்திரங்களில் இது ஒரு ஃபேக்ஸ் போனதும் தானாகவே அணைந்துவிடும். ‘நேற்று போட்டேன், போச்சு, இன்று போகவில்லை’ என்று புலம்புகிறவர்களில் சிலர் இதில் மாட்டியவர்கள்.

புதிய காரணம் இணையம். இந்தக் காலத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உங்கள் சுவரில் இருப்பது பழைய செப்புக் கம்பியாகவே இருக்கலாம். ஆனால் நீண்ட தூர அழைப்பைத் தொலைபேசி நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் கொடுக்கும், அது இன்னொன்றிடம் கொடுக்கும். வழியில் எங்கோ ஒலி இணையப் பொட்டலங்களாக மாறும். ஜி.711 என்ற முறையில் 64 கிலோபிட்டாகப் போனால் ஃபேக்ஸ் பிழைத்துக்கொள்ளும். செலவை மிச்சப்படுத்த ஜி.729 என்று 8 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் முடிந்தது கதை. அந்த முறை ஒலியை அப்படியே அனுப்புவதில்லை. மனிதத் தொண்டை எப்படி ஒலி எழுப்பும் என்ற கணக்கை வைத்து மறுபக்கம் திரும்பப் படைக்கிறது. குரலுக்கு அது அருமை. ஃபேக்ஸ் மோடத்தின் இரைச்சலில் தொண்டை ஏது? நொடிக்கு 14,400 பிட்டை 8,000 பிட் பைக்குள் திணிக்கவும் முடியாது. போனில் குரல் தெளிவாகக் கேட்டும் ஃபேக்ஸ் மட்டும் சாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு நாள் போய், மறுநாள் அதே எண்ணுக்குப் போகவில்லை என்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். நிறுவனங்கள் அன்றன்று மலிவான வழியாக அழைப்பைத் திருப்பும். வெளியூரிலிருந்து உங்களுக்கு ஒழுங்காக வருவதற்கும் இதே விளக்கம்தான்: வருகிற அழைப்பின் வழியைத் தீர்மானிப்பது அழைப்பவரின் நிறுவனம். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றல்ல.

இந்த விஷயத்தில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் இதே புகார். மோடம் பலகையை மாற்றினேன், சரியாகவில்லை. வேறொரு இயந்திரத்தையே கொண்டுபோய் வைத்தேன், அதுவும் உள்ளூருக்கு மட்டும் போனது. இரண்டு நாள் கழித்து எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் பையன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: உள்ளூர் அழைப்பு செப்பு லைனில் போகிறது, வெளியூர் அழைப்பைச் செலவு குறைவு என்று இணைய லைனுக்குத் திருப்பிவைத்திருக்கிறோம் என்று. ஃபேக்ஸ் எக்ஸ்டென்ஷனை மட்டும் எப்போதும் செப்பு லைனுக்கே போகும்படி மாற்றினான். ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து எக்ஸ்சேஞ்ச் உள்ள இடத்தில் என் முதல் கேள்வி இதுதான்: வெளியூர் அழைப்பு எந்த லைனில் வெளியே போகிறது?

நீங்களே சோதிக்கலாம். இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய், எக்ஸ்சேஞ்ச் எதுவும் குறுக்கிடாத நேரடி லைனில் மாட்டி, அதே வெளியூர் எண்ணுக்கு அனுப்புங்கள். போனால் குற்றவாளி எக்ஸ்சேஞ்ச். போகவில்லை என்றால் லைனோ நிறுவனத்தின் வழியோ. ஒரு எச்சரிக்கை: எக்ஸ்சேஞ்சின் டிஜிட்டல் எக்ஸ்டென்ஷனில் சாதாரண ஃபேக்ஸை மாட்டாதீர்கள், இயந்திரம் கெட்டுப்போகலாம்.

வழியை மாற்ற முடியாவிட்டால் இயந்திரத்தை மெதுவாகப் பேசச் சொல்லலாம். முதலில் ‘சூப்பர் ஜி3’யை அணையுங்கள். 33,600 வேகத்தில் பேசும் அந்த வி.34 முறை நல்ல லைனில் ராஜா, இணையம் கலந்த வழியில் மிகவும் தொட்டாற்சுருங்கி. தொலைபேசி லைனையும் இணையத்தையும் இணைக்கும் கேட்வே கருவிகள் பல அதைப் புரிந்துகொள்வதும் இல்லை. அடுத்து உச்ச வேகத்தை 9600க்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் 4800. இயந்திரம் தானாகவே இறங்கிவருமே என்று கேட்கலாம். வரும், 14,400, 12,000, 9600 என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஒத்திகை வைத்துத் தோற்றுவிட்டு. நேரம் போகும், எதிர்முனை பொறுமையிழக்கும். தொடக்கத்திலேயே கீழ்ப்படியில் நின்றால் முதல் ஒத்திகையிலேயே தேறிவிடலாம். தெளிவுத்திறனையும் ‘ஸ்டாண்டர்ட்’டில் வையுங்கள், ‘ஃபைன்’ வைத்தால் வரிகள் இரட்டிப்பாகும், அழைப்பு நீளும், அறுவதற்கான வாய்ப்பும் கூடும்.

ஈ.சி.எம். என்ற பிழைதிருத்தத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அது பக்கத்தைச் சிறு சட்டங்களாக நறுக்கி அனுப்பி, கெட்டுப்போனதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். கரகரக்கும் செப்பு லைனில் அது வரம். பொட்டலங்கள் தொலையும் இணைய வழியில் கேட்டுக் கேட்டு வாங்கியே அழைப்பு செத்துவிடும். அணைத்தால் பக்கத்தில் நாலைந்து கோடுகள் சிதைந்தாலும் கடிதம் போய்ச் சேரும். என் வழக்கம், முதலில் ஈ.சி.எம்.மை விட்டுவைத்து வேகத்தைக் குறைப்பது. பக்கம் பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் மட்டும் அணைப்பது. எண்கள் நிறைந்த கணக்குத் தாள்களுக்கு அணைக்கவே மாட்டேன். வி.34க்கு ஈ.சி.எம். கட்டாயம் என்பதால் இதை அணைத்தால் சூப்பர் ஜி3யும் சேர்ந்தே அணையும். ‘ஈ.சி.எம்.தான் குற்றவாளி’ என்று முடிவுக்கு வந்த பலருக்கு உண்மையில் குறைந்தது வேகம்தான்.

இணைய போன் பெட்டியில் ஃபேக்ஸை மாட்டியிருப்பவர்கள் அந்தப் பெட்டியில் டி.38 என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஃபேக்ஸ் ஒலியை ஒலியாக அனுப்பாமல், செய்தியைப் பிரித்தெடுத்துப் பொட்டலமாக அனுப்பி மறுமுனையில் திரும்ப ஒலியாக்கும். வழியில் உள்ள எல்லோரும் ஒப்புக்கொண்டால் நன்றாக வேலை செய்யும். நடுவில் ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மாறும் நொடியிலேயே அழைப்பு அறுந்துவிடுவதும் உண்டு, அப்போது டி.38ஐ அணைத்து ஜி.711ஐ மட்டும் அனுமதித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையில் இருப்பதையும் மறக்க வேண்டாம். உள்ளூரில் போகிறதே, லைன் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நீண்ட தூரத்தில் ஒலி ஏற்கெனவே தளர்ந்தும் சிதைந்தும் போகிறது. உள்ளூரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சின்னக் கரகரப்பு அங்கே கடைசித் துரும்பாகிவிடும். ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்தினால் டயல் டோன் நின்று சில விநாடி அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் உறுமலோ வெடிப்போ கேட்கிறதா என்று பாருங்கள். பிராட்பேண்ட் ஃபில்டர், மின்னல் தடுப்பான், இணையாக மாட்டிய இன்னொரு போன், மேசைக்கடியில் சுருண்டுகிடக்கும் நீண்ட ஒயர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் மாட்டி ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அதே லைனில் டி.எஸ்.எல். பிராட்பேண்ட் ஓடினால் அந்த பிராட்பேண்ட் மோடத்தின் மின்சாரத்தையும் அணைத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல் அதன் இரைச்சல் ஃபேக்ஸுக்குள் வந்துவிடும். ‘கால் வெயிட்டிங்’ இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பக்கம் பாதியில் சில நாட்கள் மட்டும் அறுவதற்கு அந்தச் சின்ன ‘டுக்’ போதும்.

இயந்திரமே குற்றவாளியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அனுப்பும் ஒலியின் அளவு தளர்ந்துபோயிருந்தால் அருகில் கேட்கும், தூரத்தில் கேட்காது. வருவது மட்டும் ஒழுங்காக வரும். இது உங்கள் அறிகுறிகளோடு பொருந்தத்தான் செய்கிறது. மின்னல் அடித்த பிறகு தொடங்கியது என்றால் இதை முன்னுக்குக் கொண்டுவருவேன். அந்த அளவையும், நிலையம்வரையுள்ள கேபிள் நீளத்துக்கான சமன் செட்டிங்கையும் சர்வீஸ் மெனுவில் மாற்றலாம். ஆனால் அங்கே நீங்களாகக் கைவைக்காதீர்கள். கூட்டினால் நல்லது என்று ஏற்றிவிடுவார்கள். அளவு மிஞ்சினால் வழியில் ஒலி நெரிந்து நிலைமை இன்னும் மோசமாகும், தொலைபேசி விதிகளையும் மீறும். வேறொரு இயந்திரத்தை அதே லைனில் மாட்டி அதே எண்ணுக்கு அனுப்பினால் இந்தச் சந்தேகம் பத்து நிமிடத்தில் தீரும்.

இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். ‘ஃபேக்ஸ் போகவில்லை’ என்று மட்டும் சொன்னால் லைனைச் சோதித்து ‘டயல் டோன் நன்றாக இருக்கிறது’ என்று புகாரை மூடிவிடுவார்கள். தோற்ற மூன்று நான்கு அழைப்புகளின் தேதி, நேரம், அழைத்த எண் மூன்றையும் எழுதிவைத்துக் கொடுங்கள். அவர்கள் வழியைத் தேடுவது அதை வைத்துத்தான். அந்த எண்களுக்கான வழியில் ஒலியைச் சுருக்குகிறீர்களா, ஃபேக்ஸுக்கு ஏற்ற வேறு வழியில் திருப்ப முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். உங்கள் இயந்திரத்தில் டி.30 பதிவை அச்செடுக்கும் வசதி இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். யார் கடைசியாகப் பேசினார், யார் பதில் சொல்லவில்லை என்பது அந்த ஒற்றைத் தாளில் வரி வரியாக இருக்கும்.